புதுப்பிப்பு: ஒப்பந்தத்தின் நடுவில் ஷிப்ட் நேரத்தை மாற்றினார்கள் (2024)

காலை 8 முதல் 4.30 வரை என்று ஒப்பந்தம் போட்டுவிட்டு, ஏழாவது மாதத்தில் தொழிற்சாலையில் திடீரென இரவு ஷிப்ட் போட்டதைப் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, அப்போது நடப்பில் இருந்த 1947 தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவைப் பார்க்கச் சொன்ன அண்ணனின் யோசனைதான். அதன்படி தொழிலாளர்களின் வேலை நேரத்தை மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டியிருந்தது. எங்களுக்குக் கிடைத்தது பஞ்ச் மெஷினுக்கு மேலே ஒட்டிய அரைத்தாள், அதுவும் முந்தின நாள் மாலை. பதினோரு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம், நகலில் அலுவலக சீல் வாங்கிக்கொண்டோம். நான்காம் நாள் நிர்வாகத்தினரே அந்த ஷிப்ட் அறிவிப்பைக் கிழித்துவிட்டார்கள்.

எதிர்பாராதது அப்புறம்தான். முறைப்படி 21 நாள் நோட்டீஸ் வந்தது! அந்தப் பிரிவு நோட்டீஸைத்தான் கேட்டது, நம் சம்மதத்தை அல்ல. உடனே தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் போனோம். இரண்டு அமர்வுக்குப் பிறகு வாரம் மாற்றி ஷிப்ட், இரவில் வீடு வரை வேன் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

நிலையாணையில் (தொழிற்சாலையின் வேலை விதிகளில்) ஷிப்ட் மாற்ற ஏற்கெனவே இடமிருந்திருந்தால் 9ஏ உதவாமல் போயிருக்கலாம். அதை முதலில் வாங்கிப் படியுங்கள்.