சி.டி. செகண்டரி திறந்து கிடந்த பேனல்கள்: பார்த்ததைச் சொல்லுங்க

அம்பத்தூர் பேனல்
அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப். 400/5 சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்: பிரைமரியில 400 ஆம்பியர் ஓடினா செகண்டரியில 5 ஆம்பியரா குறைச்சு மீட்டருக்குக் கொடுக்கும்). பி ஃபேஸ் அம்மீட்டர் மட்டும் பூஜ்யம். ஃபேஸ் போயிடுச்சுன்னு ஃபியூஸைத் தேடுறாங்க; மோட்டாரெல்லாம் ஜம்முனு ஓடுது. பஸ்பார்ல (பேனலுக்குள்ள கரண்ட் ஓடுற உலோகப் பட்டை) டாங் டெஸ்டர் (சுத்திப் பிடிச்சு கரண்ட் அளக்குற மீட்டர்) போட்டா 210 ஆம்பியர்! சி.டி.க்குள்ள வண்டு அடைச்ச மாதிரி ரீங்காரம். எஸ்1 லக் (செகண்டரி ஒயர் நுனியில இருக்கிற உலோக முனை) கழன்று தொங்குது, நுனி கருகியிருக்கு. ஹெல்ப்பர் பையன் ஸ்க்ரூடிரைவரோட கை நீட்டிட்டான். "மீட்டர்ல பூஜ்யம்தானேண்ணே!"

அந்தப் பூஜ்யம்தான் ஆளை ஏமாத்துது. செகண்டரி திறந்தா பிரைமரி கரண்ட் முழுக்க கோரை (உள்ளே இருக்கிற இரும்புக் கரு) காந்தமாக்கவே போகும். கோர் சாச்சுரேட் ஆகி (இதுக்கு மேல காந்தமாக முடியாம) ஒவ்வொரு அரைச் சுற்றுலயும் கூரான வோல்டேஜ் எழும்பும், பெரிய கோர்னா கிலோவோல்ட் கணக்குல. ஃபீடரை ஆஃப் பண்ணாம அந்த லக்கைத் தொடக்கூடாது.

திருமுடிவாக்கம் ஃபிட்டர்
எல்லாத்துக்கும் லக் மேலேயே பழி போடாதீங்க சார். செலக்டர் சுவிட்சைப் பார்த்தாங்களா? அம்மீட்டர் செலக்டர், ஃபேஸ் மாறும்போது முதல்ல ஷார்ட் பண்ணிட்டுத்தான் பிரிக்கும். வோல்ட்மீட்டர் செலக்டருக்கும் அதே மூஞ்சி, ஆனா வெறுமனே பிரிச்சுடும். கிண்டியில ஒரு பேனல்ல மாத்தி மாட்டியிருந்தாங்க. குமிழைத் திருப்பும்போதெல்லாம் உள்ளே நீலப் பொறி.

எண்ணூர் ரிலே
இங்கே ஒரு பம்ப் ஹவுஸ்ல சி.டி. லைன்ல 6 ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருந்தாங்க, "பாதுகாப்புக்கு"ன்னு! ஃபால்ட் கரண்ட்ல ஃபியூஸ் போனா ரிலேவும் (ஃபால்ட்டைப் பார்த்து பிரேக்கரை டிரிப் பண்ற கருவி) குருடு, சி.டி.யும் திறந்துடும். சி.டி. செகண்டரியில ஃபியூஸே கூடாது.

யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். ஓடுற பேனல்ல மீட்டர் கழட்டணும்னா முதல்ல டெர்மினல் பிளாக்ல ஷார்ட்டிங் லிங்கை (செகண்டரியோட ரெண்டு முனையையும் இணைக்குற பட்டை) இறுக்குங்க. அப்புறம் லிங்க் ஒயர்ல டாங் டெஸ்டர்: 400/5-ல 210 ஆம்பியர் ஓடினா சுமார் 2.6 ஆம்பியர் காட்டணும். மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கணும். ரெண்டும் பார்த்த பிறகுதான் மீட்டர் ஒயர். திரும்ப மாட்டும்போது லிங்க் கடைசியாத்தான் திறக்கணும்.

செகண்டரி எர்த் ஒரே இடத்துல மட்டும். ரெண்டு இடத்துல போட்டா நடுவுல சுத்துற கரண்ட் ரிலேவைத் தப்பா இழுக்கும். கேபிளையும் கணக்குப் போடுங்க: 2.5 சதுர மி.மீ. செம்பு, 50 மீட்டர் தூரம்னா போக வர சுமார் 0.74 ஓம். 5 ஆம்பியர்ல அது மட்டுமே 18.5 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர், சி.டி. மேல விழுற சுமை); 5 வி.ஏ. சி.டி. என்ன செய்யும்? 1 ஆம்பியர் செகண்டரின்னா 0.74 வி.ஏ.தான்.

2023 டிசம்பர் வெள்ளத்துல பேஸ்மென்ட் பேனல்கள் மூழ்கினது ஞாபகம் இருக்கும். டேப் சுத்தின சி.டி. தண்ணி குடிச்சா மேலாகத் துடைச்சுட்டு சார்ஜ் பண்ணக் கூடாது. காய வைங்க, எர்த்தைப் பிரிச்சு 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் டெஸ்டர்) போடுங்க, தேறலைன்னா மாத்திடுங்க.

அம்பத்தூர் பேனல்
@திருமுடிவாக்கம் அந்தப் பேனல்ல செலக்டரே கிடையாது, ஃபேஸுக்கு ஒரு மீட்டர். ஸ்பிரிங் வாஷர் இல்லாத லக், பிரஸ் அதிர்வு. அவ்வளவுதான். திறந்து கிடந்த சி.டி.யை டீமேக்னடைஸ் பண்ணி, ரேஷியோ பார்த்துத்தான் மாட்டினாங்க. மாட்டினது பி1, பி2 (பிரைமரி முனைகள்) தலைகீழா! பேலன்ஸ்டு லோடுல ஒரு ஃபேஸ் கூடாம கழிஞ்சு எனர்ஜி மீட்டர் மூணுல ஒரு பங்குதான் ஓடுச்சு. அடுத்த மாசக் கணக்குல பிடிபட்டது.