நிலாவெளியில் 20 பேர்ச் காணி, மண் எப்படி என்று எதை வைத்துச் சொல்வது?

உவர்மலை வாடகைக்காரன்:
வணக்கம். திருகோணமலை நிலாவெளியில், புல்மோட்டை வீதியிலிருந்து உள்ளுக்கு, உப்பளப் பக்கமாக 20 பேர்ச் (ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு) காணி ஒன்று வந்திருக்கிறது. காணி உறுதிப் பத்திரத்தைச் சட்டத்தரணி பார்த்துவிட்டார், அதில் சிக்கல் இல்லை. விலை கடற்கரைப் பக்கத்தில் பாதிகூட இல்லை, அதுதான் யோசனையாக இருக்கிறது. மேலே சிவப்புக் கிறவல் (சரளை மண்) கொட்டி மட்டமாக்கி வைத்திருக்கிறார்கள், புரோக்கர் காலால் உதைத்துக் காட்டி "கல்லு மாதிரி" என்கிறார். எங்களுக்கு ஒரு தட்டு வீடு, பின்னால் அம்மாவுக்கு நாலு தென்னை, கொஞ்சம் கத்தரி, கறிவேப்பிலை, அவ்வளவுதான். இரண்டு கிழமைக்குள் அட்வான்ஸ் கேட்கிறார். என்ன பார்க்க வேண்டும்?

பழைய மேசன்:
தம்பி, நீங்கள் பார்த்தது காணியின் மண் இல்லை, டிப்பரில் வந்த மண். வீடு வரும் இடத்தில் ஒன்று, மலசலகூடக் குழி வரும் இடத்தில் ஒன்று என்று இரண்டு கிடங்கு ஐந்தடிக்கு வெட்டிப் பாருங்கள், ஒரு ஆளின் அரைநாள் கூலிதான் போகும். வெட்ட விடமாட்டேன் என்றால் அதுவே பதில்.

கிறவல் முடிந்து வெள்ளை மணல் வந்தால் பயமில்லை, மணல் இறுகி இருந்தால் ஒரு தட்டு வீட்டைத் தாங்கும். கறுப்புக் களி வந்தால் யோசிக்க வேண்டும், மாரிக்கு ஊதும், கோடைக்கு வெடிக்கும், அந்த ஏற்ற இறக்கத்தில் சுவர் மூலைகளில் சரிவாகக் கீறல் விழும். இன்னொன்று, சாம்பல் மண்ணில் துரு மாதிரி செம்புள்ளிகள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வருசத்தில் கன நாள் அந்த மட்டம் வரை தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். கிடங்கு வெட்டும் அன்று காய்ந்து கிடந்தாலும் அந்தப் புள்ளி மறையாது. சந்தேகம் வந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் கேளுங்கள், மண் பரிசோதனை செய்கிறார்கள்.

நிலாவெளித் தோட்டம்:
நான் இந்த ஊர்தான். மண்ணை விடுங்கள், முதலில் பக்கத்து வீட்டில் போய்த் தேத்தண்ணி குடியுங்கள். குடிக்கிற தண்ணீர் கிணற்றிலா, பவுசரிலா (தண்ணீர் லொறி), பைப்பிலா என்று கதையோடு கதையாகக் கேட்டுவிடலாம். இங்கே மணலுக்குள் மழைத் தண்ணீர்தான் நல்ல தண்ணீராகக் கிடக்கிறது, அதற்குக் கீழே உப்புத் தண்ணீர், எண்ணெய் மாதிரி மேலது மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் என்றால் கீழே ஏறக்குறைய 40 அடி இருக்கும் என்பது கணக்கு. மோட்டார் போட்டு இழுத்து மேல்மட்டம் இறங்க இறங்க அடியிலிருந்து உப்பு ஏறி வந்துவிடும். ஆகவே தை மாதத்துக் கிணற்றை நம்ப வேண்டாம், ஆவணியில் ருசி பாருங்கள்.

உப்பளப் பக்கம் என்கிறீர்கள், கிறவல் போடாத ஓரத்தில் உப்பு நிலத்தில் வளர்கிற உமரிச் செடி நிற்கிறதா? கோடையில் நிலத்தில் உப்பு வெள்ளையாகப் பூக்கிறதா? அப்படியென்றால் கத்தரியை மறந்துவிடுங்கள். தென்னை கொஞ்சம் உப்பைத் தாங்கும், ஆனால் வேரில் தண்ணீர் தேங்கினால் அதுவும் மஞ்சளாகிப் போகும். வெறும் மணல் என்றால் வழி இருக்கிறது: மூன்றடிக் கிடங்கு, அடியில் பொச்சுமட்டையை (தேங்காய் மட்டை) குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி, மேலே மாட்டெரு, குளத்து வண்டல். மணலைத் திருத்தலாம். உப்புக் களியோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லை, உங்கள் அம்மாவுக்கு இருக்குமோ தெரியாது.

கிண்ணியாவிலிருந்து:
நாங்கள் ஓகஸ்ட் மாதம் பார்த்து வாங்கிய ஆட்கள். சைக்கிள் ஓட்டலாம், அப்படிக் காய்ந்து கிடந்தது. கார்த்திகை மழைக்கு முற்றத்தில் முழங்கால் தண்ணீர், மலசலகூடக் குழி நிரம்பித் திரும்பி வந்தது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மூன்று கிழமை மாமி வீட்டில் இருந்தோம். இப்போது சுவரில் இரண்டடி உயரம் வரை பூச்சு மாவாகக் கொட்டுகிறது, வருசா வருசம் பூசுகிறோம், உப்பு வருசா வருசம் திரும்பி வருகிறது. அத்திவாரத்துக்கு மேலே ஈரம் ஏறாமல் தடுப்புப் போட்டிருக்க வேண்டும், மேசன் கேட்டார், செலவு மிச்சம் என்று நான்தான் வேண்டாம் என்றேன். இரண்டு கிழமையில் அட்வான்ஸ் என்று அவசரப்படுத்துகிறவரிடம் மார்கழி முடியட்டும் என்று சொல்லிப் பாருங்கள்.

உவர்மலை வாடகைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு போய் வெட்டினோம். இரண்டடி கிறவல், பிறகு மண்வெட்டியில் ஒட்டுகிற கறுப்புக் களி, நாலடியில் செம்புள்ளியும் ஊற்றும் சேர்ந்தே வந்தது. கையில் எடுத்து வாயில் வைத்தேன், கரித்தது. பக்கத்து வீட்டு அக்கா தேத்தண்ணி தந்தார், பவுசர் தண்ணீராம். அட்வான்ஸ் கொடுக்கவில்லை. புரோக்கர் இன்று காலை எடுத்து வேறு காணி ஒன்று இருக்கிறது என்றார். கிறவல் போட்டதா என்று கேட்டேன், பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டார்.