192 சதுர அடி எங்கிருந்து வந்தது?

வீட்டு வேலையில் கான்ட்ராக்டரோடு மல்லுக்கு நின்றவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2020 கடைசியில் தஞ்சாவூர் பக்கம் வீடு ஆரம்பித்தேன். பிளான்படி 1,150 சதுர அடி. மெட்டீரியலோடு சதுர அடி 1,850 ரூபாய் என்று மேஸ்திரியிடம் பேசி, 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். சிமென்ட் எந்த கம்பெனி, கம்பி எந்த கம்பெனி, வாசல் நிலைக்கு என்ன மரம் என்றெல்லாம் பார்த்துப் பார்த்து எழுதினேன். அளவைப் பற்றி எழுதியது 'கட்டட அளவுப்படி' என்ற இரண்டே வார்த்தை.

பூச்சு வேலை முடிந்ததும் மேஸ்திரி பில்லோடு வந்தார். 1,342 சதுர அடி. 192 அடி கூடுதல், அதாவது 3,55,200 ரூபாய். டேப்பை எடுத்துக்கொண்டு இருவரும் சுற்றி வந்தோம். மாடிப்படிக்கு மேலே கூரை போட்ட ஹெட்ரூம் 90, போர்டிகோ 70. மீதி 32 எங்கே என்று கேட்டேன். ஜன்னலுக்கு மேலே கையைக் காட்டினார். நாலு ஜன்னல், நாலடி நீளம், இரண்டடி நீட்டிய சன்ஷேடு. "அதுக்கும் கம்பி கட்டி கான்கிரீட் போட்டிருக்கோம்ல சார்?"

அவர் பக்கம் நியாயமே இல்லை என்று இன்றைக்குச் சொல்ல மாட்டேன். அன்றைக்குச் சொன்னேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி. மறுநாள் ஒரு சித்தாள்கூட வரவில்லை.

நோட்டீஸ், பதில் நோட்டீஸ் எல்லாம் போய், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டேன். வீடு கட்டித் தருவதும் 'சேவை'தான் என்று 2019 நுகர்வோர் சட்டம் சொல்கிறது. பிரச்சினை வந்த இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதுவரை நான் கொடுத்திருந்தது 17 லட்சம். அந்தத் தொகையை வைத்துத்தான் மனுக் கட்டணம், வெறும் 400 ரூபாய். வக்கீல் செலவை மட்டும் கேட்காதீர்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் என் வாட்ஸ்அப் மெசேஜை பிரின்ட் போட்டு நீட்டினார். "மேஸ்திரி, ஹெட்ரூமும் சேத்துப் போட்டுடுங்க, கணக்கு அப்புறம் பாத்துக்கலாம்." ராத்திரி பதினோரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் நான் அனுப்பியது.

அளந்து பார்க்க ஆணையம் நியமித்த வக்கீல், அதாவது அட்வகேட் கமிஷனர், ஒரு இன்ஜினியரோடு வந்து அளந்தார். ஹெட்ரூம் முழுசாக, போர்டிகோ பாதி, சன்ஷேடு கிடையாது என்று கணக்கு. ஆக 125 அடிக்கு 2,31,250. பழைய பாக்கி 4,27,500. இரண்டும் சேர்த்து நான் தர வேண்டியது 6,58,750. டைல்ஸ், பெயின்ட், சம்ப் மூடி என்று அவர் செய்யாமல் விட்ட வேலைக்கு 5,10,000 மதிப்புப் போட்டார்கள். கூட்டிக் கழித்தால், வழக்குப் போட்ட நானே ஒன்றரை லட்சத்துக்குப் பக்கமாகத் தர வேண்டியவன்! என் வக்கீல் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். கடைசியில் யாருக்கும் யாரும் தர வேண்டாம் என்று சமரச மனுவில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். இதற்கு ஒன்றே முக்கால் வருடம்.

*

நான் கோயம்புத்தூர், கான்ட்ராக்டர். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள் சார். 2021இல் கம்பி விலை ஏறினபோது, விலை ஏறினால் ரேட் மாறும் என்று எழுதாத பாவத்துக்கு நஷ்டத்தோடுதான் தளம் போட்டேன். அதுகூடப் பரவாயில்லை. கிரகப்பிரவேசத்தில் எனக்கு வேட்டி சட்டை வைத்துக் கொடுத்த அதே வீட்டுக்காரர், கடைசி பில்லுக்குத் தந்த 3 லட்சம் செக் பணமில்லாமல் திரும்பி வந்தது. "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று இழுத்தார். நானும் பழகின மனுஷன் என்று பேசாமல் இருந்தேன். செக் திரும்பின தகவல் பேங்கிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டுமாம். எனக்கு அது தெரிந்ததே 40ஆவது நாள்.

நல்லவேளை, செக் தேதியிலிருந்து மூன்று மாதம் ஆகவில்லை. வக்கீல் மறுபடி பேங்கில் போடச் சொன்னார். மறுபடி திரும்பியது, இந்தத் தடவை நாலாம் நாளே 138 நோட்டீஸ், அதாவது செக் திரும்பினதற்கான சட்டப் பிரிவு நோட்டீஸ், போய்விட்டது. பணம் கட்ட 15 நாள் டைம் உண்டு. பதினோராம் நாள் முழுப் பணமும் அக்கவுன்டில். மனுஷனிடம் பணம் இல்லாமல் இல்லை பாருங்கள்.

*

சென்னையில் ஃப்ளாட் வாங்கியவன் நான். குடிவந்த மூன்றாம் வருடம் பாத்ரூம் சுவர் ஊறி, ஹால் பக்கம் பெயின்ட் உரிந்தது. "அக்ரிமென்டில் ஒரு வருஷம்தான் வாரன்டி" என்றார்கள் பில்டர் ஆபீஸில். ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 14ஆவது பிரிவில், ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் சொன்னால் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்று இருக்கிறது. வேலைத்தரக் குறையும் அதில் அடக்கம். மூன்று ஈமெயிலுக்கு அசையாதவர்கள், ரெரா ஆணையத்தில் புகார் போட்டதும் ஆள் அனுப்பி டைல்ஸைப் பெயர்த்து வேலையைத் தொடங்கினார்கள்.

*

எங்களுடையது ஆறு வீடு உள்ள சின்ன பிளாக் சார். எங்களுக்கும் ரெரா உண்டா?

*

எட்டு வீட்டைத் தாண்டாத திட்டத்துக்கு ரெரா பதிவே கட்டாயமில்லை. நீங்களும் தஞ்சாவூர் சார் போன வழியில், நுகர்வோர் ஆணையத்தில் கேட்டுப் பாருங்கள்.

*

தஞ்சாவூர்தான் மறுபடி. பாக்கி டைல்ஸை யார் போட்டார்கள் என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். வேறு ஆள் பிடித்தேன், கூலி கூடுதல்தான். அதே ஆளிடம் 2023இல் மாடியும் கட்டினேன். இந்தத் தடவை ஹெட்ரூம் முழு அளவு, பால்கனி பாதி, சன்ஷேடு கிடையாது, எக்ஸ்ட்ரா வேலை என்றால் ரேட் எழுதின பிறகுதான் என்று அரைப் பக்கம் எழுதிக்கொண்டு போனேன். அவர் நிதானமாகப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"எல்லாம் சரி சார். லாஃப்ட் எந்தக் கணக்கு?"