கையில் இழைத்த கியூவா, மெஷினில் கடைந்த கியூவா?

ஓசூர்_லேத்
நான் ஓசூரில், கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுத்த பாதையில் கடையும் சிஎன்சி மெஷின் ஓட்டுகிறேன். போன வாரம் கிருஷ்ணகிரியில் ஆடப் போன இடத்தில் ஒருவர், "கையால் செய்த ஸ்னூக்கர் கியூதான் கியூ, மெஷினில் வருவதெல்லாம் விறகு" என்று அடித்துச் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கியூ என்பது என்ன? பந்தை அடிக்கிற கோல். முனையில் 9 அல்லது 10 மில்லி, அடியில் அதைப்போல மூன்று மடங்கு, நடுவில் சீராகப் பருத்துக்கொண்டே போகும் ஒரு சரிவு. அந்தச் சரிவை மில்லியில் நூறில் ஒரு பங்குகூடப் பிசகாமல் எத்தனை தடவை வேண்டுமானாலும் மெஷின் எடுக்கும். கையால் முடியுமா? முடியாது என்றால் கைவேலைக்கு ஏன் இவ்வளவு விலை?

பாலக்கோடு_தச்சுப்பட்டறை
தம்பி, மெஷின் அளவு தப்பாது, சரி. ஆனால் மரம் இரும்பு இல்லை. நீங்கள் நூறில் ஒரு பங்கு பார்த்து எடுத்த அளவு ஐப்பசி மழையில் ஊதும், சித்திரை வெயிலில் இளைக்கும். மரத்தில் அளவுக்கு முன்னால் பார்க்க வேண்டியது ரேகை, அதாவது நார் ஓடும் கோடு. ஆஷ் மரத்தில் அது அம்பு அம்பாகக் கண்ணுக்கே தெரியும். நுனி வரை நேராக ஓடி வர வேண்டும். பாதியிலேயே பக்கவாட்டில் வெளியேறினால், கியூ ஒடிவதும் வளைவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். ரிப்பேருக்கு என்னிடம் வருகிற கியூக்களில் பார்த்துச் சொல்கிறேன்.

கைவேலை எப்படி என்று தெரியாமல் விலையைப் பேசக்கூடாது. ஆஷ் பலகையில் சரிவான சதுரக் கட்டை அறுத்து, அடிப்பக்கத்தில் நாலு முகத்தையும் ஆப்பு மாதிரி இழைப்பார்கள். எதிரெதிர் இரண்டு முகத்தில் கருங்காலிப் பட்டையை ஒட்டி இறுக்கிக் காயவிட வேண்டும். காய்ந்த பிறகுதான் மற்ற இரண்டு முகம். அப்புறம் சதுரம் எட்டுப் பட்டை, எட்டு பதினாறு, அதற்குப் பிறகே உருட்டு. இழைப்புளியில் சுருள் நீளமாக வந்தால் ரேகையோடு போகிறோம். பிய்ந்து பிய்ந்து வந்தால் எதிர்த்துப் போகிறோம், உடனே கட்டையைத் திருப்பிப் போடலாம். உங்கள் மெஷின் அந்தச் சுருளைப் பார்க்காது, எழுதிக் கொடுத்த பாதையில் ஓடும்.

தர்மபுரி_பச்சைமேசை
கிளப் நடத்துகிறவன் என்ற முறையில் ஒன்று: எங்கள் ரேக்கில் இருப்பதில் பாதி வளைந்தவை. அதில் கையால் செய்ததும் உண்டு, மெஷினும் உண்டு. சுவரில் சாய்த்து வைத்தாலே போதும், எந்தக் கியூவும் கெடும். நம் ஊர் வெயிலில் காருக்குள் விட்டவர்கள் கதையைக் கேட்கவே வேண்டாம்.

ஓசூர்_லேத்
அண்ணா, இழைப்பு பற்றிச் சொன்னது அருமை. ஆனால் மெஷின் என்றால் ஒரே மூச்சில் கடைந்து தள்ளுவது என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. பூல் என்று சின்ன மேசையில் ஆடுகிறார்களே, அந்தக் கியூவின் மேப்பிள் ஷாஃப்ட்டை, அதாவது முன்பாதிக் கட்டையை, நல்ல பட்டறையில் பல தவணையாகக் கடைவார்கள். கொஞ்சம் எடுத்ததும் கழற்றித் தொங்கவிட்டு வாரக்கணக்கில் விட்டுவிடுவார்கள். மரம் எந்தப் பக்கம் திரும்புமோ அது திரும்பி முடியட்டும் என்று. வளைந்ததைக் கழித்துவிட்டு மீதியை அடுத்த தவணைக்கு எடுப்பார்கள். அத்தனை நீளத்துக்கு அவ்வளவு ஒல்லியான கட்டையை இரண்டு பக்கமும் பிடித்துச் சுழற்றினால் நடுவில் அதிரும். அதனால் சாதாரண உளியை விட்டு, வேகமாகச் சுழலும் கட்டரை வைத்து மேலாக மேலாக எடுக்கிறார்கள். இதுவும் பொறுமைதான்.

இன்னொன்று. பூல் உலகில் கைவேலைக்குப் பேர்போன நியூயார்க்காரர் ஜார்ஜ் பலபுஷ்கா (1912-1975). அவர் கியூக்களில் பல, பிரன்ஸ்விக் கம்பெனி தொழிற்சாலையில் செய்த டைட்லிஸ்ட் கியூவின் அடிக்கட்டையை எடுத்துச் செய்தவை. மெஷின் கட்டைதான் என்று அதை யாரும் ஒதுக்கவில்லையே?

பாலக்கோடு_தச்சுப்பட்டறை
ஒதுக்கவில்லை, ஏனென்றால் எந்தக் கட்டையை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்தது அவர் கண். ஷாஃப்ட், ஜாயின்ட், எடை, கடைசிப் பூச்சு எல்லாம் அவர் பட்டறை. நீங்கள் என் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள்.

ஓசூர்_லேத்
கண் வேண்டும் என்பதை நான் மறுக்கவே இல்லை. இழைப்புளிதான் வேண்டும் என்பதைத்தான் மறுக்கிறேன். பிரிடேட்டர் கம்பெனி ஷாஃப்ட்டை ஆப்புத் துண்டுகளாக அறுத்துச் சுற்றி ஒட்டிச் செய்கிறது. எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும் ஒரே மாதிரி அடிக்கட்டும் என்றுதான். முனையில் எடையைக் குறைத்ததால் சைடு போட்டு, அதாவது பந்தின் நடுவை விட்டுப் பக்கவாட்டில், அடிக்கும்போது வெள்ளைப் பந்து விலகுவதும் குறைந்தது. இப்போது கார்பன் ஃபைபர் ஷாஃப்ட்டே வந்துவிட்டது, அதற்கு மழையும் இல்லை வெயிலும் இல்லை. இதெல்லாம் இழைப்புளியால் வந்ததா?

காவேரிப்பட்டணம்_புதுசு
நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும் அண்ணா. எனக்கு இப்போதுதான் முதல் ஸ்னூக்கர் கியூ வாங்க வேண்டும். கைவேலையா மெஷினா என்று கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது?

தர்மபுரி_பச்சைமேசை
தம்பி, அடிப்பகுதியில் கருங்காலி ஆஷுக்குள் ஏறும் முனையைப் பாருங்கள். வளைவாக, ஒன்றுக்கொன்று லேசாக வித்தியாசமாக முடிந்தால் கையால் இழைத்தது. நாலும் ஊசி மாதிரி ஒரே உயரத்தில் நின்றால் மெஷினில் வெட்டிச் சொருகியது. மலிவில் வருவதில் அந்த முனையே வெறும் ஸ்டிக்கராகவும் இருக்கும், நகத்தால் தடவிப் பாருங்கள். ஆனால் இதை வைத்து வாங்காதீர்கள். அடிப்பக்கத்தைக் கண்ணருகே வைத்து நுனி வரை நேராகப் பாருங்கள், சுற்றிச் சுற்றிப் பாருங்கள். அம்பு ரேகை நுனி வரை வருகிறதா, நுனியில் இருக்கும் பித்தளை வளையமான ஃபெரூல் மரத்தோடு வழுவழுவென்று சேர்ந்திருக்கிறதா என்று விரல் சொல்லிவிடும். பந்தில் படும் தோல் முனையான டிப் பற்றி இப்போது கவலை வேண்டாம், அது தேய்ந்து மாற்றுகிற சாமான்தான்.

பாலக்கோடு_தச்சுப்பட்டறை
அவர் சொன்னபடி பார்த்து வாங்கு தம்பி.

ஓசூர் தம்பிக்கு: ஒட்டுக்கட்டையும் கார்பனும் பூலுக்குச் சரி. ஸ்னூக்கருக்கு 12 அடி மேசை, சின்னப் பந்து, ஒல்லி முனை. அதில் பெரிய ஆட்டக்காரர்களில் பெரும்பாலானவர்கள் கையில் இன்னும் மரம்தானே இருக்கிறது? ஆட்டத்துக்கு 1882ல் ஊட்டி கிளப்பில் விதி எழுதினார்கள் என்று பெருமை பேசுகிறோம். கியூ மட்டும் வெளியிலிருந்து வருகிறது. ஆசை இருந்தால் நல்ல ஆஷ் கட்டை வரவழையுங்கள், ரேகை பார்த்து நான் குறி போட்டுத் தருகிறேன். ஆனால் நுனிப் பக்கம் ஒரு முழம் மெஷின் தொடக்கூடாது.

ஓசூர்_லேத்
கட்டை வரவழைக்கிறேன் அண்ணா, குறி நீங்கள்தான் போட வேண்டும். நுனி மட்டும் என் லேத்தில்தான். அதை விட்டுத்தர மாட்டேன்.

பாலக்கோடு_தச்சுப்பட்டறை
அப்படியென்றால் இரண்டு கட்டையாக வாங்குங்கள்.