லா ஃபர்ம் இன்டர்ன்ஷிப்புக்கு ஒரே கவர் லெட்டர் போதுமா?

கேள்வி: சட்டம் மூணாவது வருஷம் படிக்கிறேங்க, பேரை மட்டும் மாத்தி ஒரே கவர் லெட்டரை எல்லா ஃபர்முக்கும் அனுப்பலாமா? மூட் கோர்ட் (மாணவர்களுக்கான மாதிரி நீதிமன்றப் போட்டி) தவிர வேற அனுபவம் இல்ல.

பதில்: வேணாம்ப்பா, படிக்கிறவங்களுக்கு உடனே தெரிஞ்சிடும். அந்த ஃபர்ம் கார்ப்பரேட் வேலை அதிகம் பண்றாங்களா, இல்ல லிட்டிகேஷன், அதாவது கோர்ட் வழக்கு வேலையான்னு பாரு, அதுல உனக்கு ஏன் ஆர்வம்னு ஒரு பக்கத்துக்குள்ள எழுது. மூட் கோர்ட்ட சாதாரணமா நினைக்காத, எந்தப் பிரச்சனைய ஆராய்ஞ்ச, மெமோரியல்ல (போட்டிக்கு எழுதிக் கொடுக்கிற வாதங்கள்) எந்தப் பகுதி எழுதினன்னு சொல்லு, அதான் அவங்களுக்கு வேணும்.

இன்னொரு பதில்: முன்னாடி எங்கயாச்சும் இன்டர்ன்ஷிப் பண்ணியிருந்தா கிளையன்ட் பேரை ரெஸ்யூமேல போடவே போடாதீங்க, ரகசியம் காக்கத் தெரியாதவர்னு நினைச்சிடுவாங்க.

கேட்டவர்: நன்றிங்க. ரைட்டிங் சாம்பிள் கேட்டா அந்த மெமோரியலையே அனுப்பலாமா?

பதில்: தாராளமா, கூட்டா எழுதினதுன்னா உன் பகுதி எதுன்னு மேலயே குறிச்சிடு.