பென்டிரைவ் வைரசும் இலவச ஆன்டிவைரசும்: ரங்கூன் பக்கத்து அனுபவங்கள்

ரங்கூன்வாசி:
தீமிதித் திருவிழா நோட்டீஸ் அடிக்க அச்சுக்கடையில் பென்டிரைவைக் கொடுத்து வாங்கினேன். வீட்டில் செருகினால் எல்லா ஃபோல்டரும் இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு குட்டி அம்புக்குறி. ஃபோல்டருக்குப் பக்கத்தில் அளவு காட்டாது. இவற்றுக்கு 2 கேபி என்று காட்டியது. ஷார்ட்கட் வைரஸ்! கிளிக் செய்தால் ஃபோல்டரும் திறக்கும், கூடவே வைரசும் ஓடும். அதனால்தான் பலருக்கு வந்ததே தெரிவதில்லை.

விண்டோஸோடு வரும் டிஃபென்டர் என்ற ஆன்டிவைரஸ் அதற்குள் அந்த ஷார்ட்கட்டுகளை நீக்கிவிட்டது. டிரைவே காலியானது போல் இருக்கவும் வீட்டில் எல்லோருக்கும் பதற்றம். ஒன்றும் அழியவில்லை. அசல் ஃபோல்டர்களை வைரஸ் மறைத்துத்தான் வைத்திருக்கும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள், சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் டிக்கையும் எடுங்கள்; எல்லாம் மங்கலாகத் தெரியும். அவற்றைக் கணினிக்கு நகலெடுத்த பிறகு டிரைவை ஃபார்மட் செய்யலாம். முதலிலேயே ஃபார்மட் செய்பவர்கள்தான் கல்யாணப் படங்களைத் தொலைக்கிறார்கள்.

பெகு அக்கா:
எங்கள் வீட்டுக் கதை வேறு தம்பி. கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரரே இரண்டு இலவச ஆன்டிவைரஸ் போட்டுக் கொடுத்தார், இரட்டைக் காவல் என்று பெருமை வேறு. ஆன் செய்துவிட்டு டீ போட்டுக் குடித்து வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரே கோப்பை இரண்டும் சோதிக்கப் போனால் பின்னே எப்படி இருக்கும்? மகன் இரண்டையும் நீக்கினான், டிஃபென்டர் தானாகவே வேலைக்கு வந்துவிட்டது. வேறு ஒன்று இருக்கும்வரை அது ஒதுங்கி நிற்குமாம். வேகம் கூடியதைவிட எனக்குப் பெரிய நிம்மதி, பணம் கட்டச் சொல்லி மூலையில் எட்டிப்பார்க்கும் அந்தப் பெட்டி ஒழிந்தது.

மோல்மீன்காரன்:
பெட்டியாவது கண்ணுக்குத் தெரியும், அக்கா. அவாஸ்ட் என்ற இலவச ஆன்டிவைரஸ் நிறுவனம் தன் பயனர்கள் இணையத்தில் எங்கெங்கே போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது வெளியே வந்து, 2020-ல் அதை மூடினார்கள். 2024-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட வைத்தது. இலவசம் என்றால் நான் இப்போது அதையும் பார்க்கிறேன்.

டிஃபென்டர் எனக்குப் போதும். நம் ஊரில் சிக்கல் அப்டேட்தான். கரண்ட் இருந்தால் நெட் இல்லை, நெட் இருந்தால் கரண்ட் இல்லை. மைக்ரோசாஃப்ட் தளத்தில் டிஃபென்டர் வைரசை அடையாளம் காணப் பயன்படுத்தும் வைரஸ் பட்டியலைத் தனிக் கோப்பாகவே தருகிறார்கள். நெட் கிடைக்கும் இடத்தில் இறக்கி, சுத்தமான பென்டிரைவில் கொண்டுவந்து இரண்டு முறை கிளிக் செய்தால் போதும். உங்கள் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டியில் கடைசி அப்டேட் தேதி மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

ரங்கூன்வாசி:
விண்டோஸ் 10-க்கும் இது உண்டா, அண்ணே? 2025 அக்டோபரோடு முடிந்தது என்கிறார்களே.

மோல்மீன்காரன்:
முடிந்தது விண்டோஸுக்கான ஆதரவு. டிஃபென்டரின் வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் விண்டோஸில் உள்ள ஓட்டைகளை அந்தப் பட்டியல் அடைக்காது. பேங்க் வேலையை அதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.