போர்க்கைதியின் முகத்தைக் காட்டலாமா?

தென்னவன்: "போர்க்கைதியின் முகத்தைத் தொலைக்காட்சியில் காட்டினாலே அது ஜெனீவா உடன்படிக்கை மீறல்" என்று இளஞ்சேரன் நேற்று அடித்துச் சொல்லியிருக்கிறார். போர்க்கைதிகளை நடத்தும் முறை பற்றிய 1949-ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையில் 13-ஆவது பிரிவை வரிவரியாகப் படித்துவிட்டே எழுதுகிறேன். வன்முறை, மிரட்டல், இழிவுரை, பொதுமக்களின் வேடிக்கை ஆகியவற்றிலிருந்து கைதியைக் காக்க வேண்டும் என்று இருக்கிறதே தவிர, 'நிழற்படம்' என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை.

இளஞ்சேரன்: அச்சொல் இருப்பதாக நான் எங்கே எழுதினேன்? வேடிக்கைப் பொருளாக்கக் கூடாது என்ற விதி 1929-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே உண்டு. 1944-இல் நேசநாட்டுக் கைதிகளை ரோம் நகரத் தெருக்களில் ஊர்வலமாக நடத்திய ஜெர்மானியத் தளபதி கர்ட் மால்ட்சரை, அதற்காகவே 1946-இல் அமெரிக்க இராணுவ ஆணையம் தண்டித்தது. அந்த ஊர்வலம் படமும் பிடிக்கப்பட்டது என்பதைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள்.

தென்னவன்: தண்டனை ஊர்வலத்துக்கு, படத்துக்கு அல்ல. என் வாதத்துக்குத் தாங்களே சான்று தேடித் தந்ததற்கு நன்றி. 'நிழற்படம்' எங்கே?

மலைக்குருவி: சொல்லைத் தேடுவதை விட்டு, யார் எப்போது இந்த விதியை நினைவுகூர்கிறார்கள் என்று பாருங்கள். 2003 மார்ச்சில், பிடிபட்ட அமெரிக்க வீரர்களை ஈராக் தொலைக்காட்சி கேள்வி கேட்டுக் காட்டியபோது, அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டுக்கு ஜெனீவா நினைவுக்கு வந்தது. சரணடைந்த ஈராக்கியரின் முகங்கள் மேற்கத்திய அலைவரிசைகளில் ஓடிக்கொண்டிருந்தபோது வரவில்லை. கியூபாவிலுள்ள அமெரிக்கச் சிறைமுகாமான குவாண்டனாமோவில் ஆரஞ்சு உடையில் மண்டியிட்டிருந்தவர்களின் படங்களை 2002 ஜனவரியில் வெளியிட்டதே அவருடைய துறைதான்.

தென்னவன்: குவாண்டனாமோவில் இருந்தவர்களைப் போர்க்கைதிகள் என்று அமெரிக்கா ஏற்கவே இல்லை. சென்ற மாதம் வெள்ளைக்கொடி விவாதத்திலும் இப்படித்தான் பொருந்தாத எடுத்துக்காட்டோடு வந்தீர்கள்; பாதியிலேயே காணாமலும் போனீர்கள்.

மலைக்குருவி: காணாமல் போகவில்லை, ஒரே வரியை ஒன்பது முறை படிக்கப் பொறுமை இல்லாமல் விலகினேன்.

சொல்லாய்வன்: ஒரு திருத்தம். ஆங்கில மூலத்தில் உள்ள 'curiosity' என்ற சொல்லுக்கு 'அறியும் ஆவல்' என்பதே நேர்ப்பொருள். 'வேடிக்கை' என்று பெயர்த்தால் கேளிக்கை என்ற பொருள் ஏறிவிடுகிறது.

இளஞ்சேரன்: தெருவில் கூட்டம் கூடி நிற்பதை 'அறியும் ஆவலோடு நிற்கிறார்கள்' என்று எந்தத் தமிழன் சொல்வான்? வேடிக்கை பார்க்கிறார்கள் என்றுதான் சொல்வான். விவாதத்துக்கு வருகிறேன். 2019 பிப்ரவரி 27 அன்று, கண்கள் கட்டப்பட்டு முகத்தில் இரத்தத்தோடு இருந்த விமானி அபிநந்தனின் காணொளி பாகிஸ்தானிலிருந்து வெளிவந்தபோது, காயமுற்றவரை இழிவாகக் காட்டியது ஜெனீவா உடன்படிக்கைக்கு மாறானது என்று இந்திய அரசு கண்டித்தது. அப்போதும் தென்னவன் 'நிழற்படம்' என்ற சொல்லைத்தான் தேடிக்கொண்டிருந்தாரா?

தென்னவன்: அபிநந்தனை இழுத்து என் நாட்டுப்பற்றை அளக்க வேண்டாம்; என் தந்தை இருபதாண்டுகள் இராணுவத்தில் இருந்தவர். அபிநந்தன் உயிரோடு இருக்கிறார் என்பது அந்தக் காணொளியால்தானே நமக்குத் தெரிந்தது? முகத்தை மறைத்திருந்தால் அதுவும் தெரிந்திருக்காது.

இளஞ்சேரன்: உயிரோடு இருப்பதைத் தெரிவிக்க அதே உடன்படிக்கையின் 70-ஆவது பிரிவு வழி வைத்திருக்கிறது. முகாமை அடைந்த ஒரு வாரத்துக்குள், தாம் பிடிபட்டதையும் உடல்நிலையையும் குடும்பத்துக்கு அட்டை எழுதித் தெரிவிக்கக் கைதிக்கு வாய்ப்பளிக்க வேண்டும். அதற்கு ஒளிப்படக்கருவி தேவையில்லை. ஆளை அடையாளம் காட்டும் படங்களும் 13-ஆவது பிரிவின் தடைக்குள் வரும் என்று செஞ்சிலுவைச் சங்கத்தின் 2020-ஆம் ஆண்டு விளக்கவுரை சொல்கிறது. மறுக்க முடியாத பொதுநலன் போன்ற சில விலக்குகளை மட்டுமே அது ஏற்கிறது.

தென்னவன்: விளக்கவுரை சட்டம் ஆகாது. கையொப்பமிட்ட நாடுகள் ஒப்புக்கொண்டது மூலத்தை. அந்த மூலத்தில் 'நிழற்படம்' இல்லை.

மலைக்குருவி: பத்தாவது முறை.

தென்னவன்: எண்ணத் தெரிந்தவருக்குப் படிக்கவும் தெரிந்திருக்கலாம். 13-ஆவது பிரிவை மீண்டும் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

சொல்லாய்வன்: 'அறியும் ஆவல்' பற்றி இன்னும் எவரும் மறுமொழி தரவில்லை.